சத்தத்துக்குப் பக்கத்து நாற்காலி

விமான நிலைய லவுஞ்சில் பாதி நாற்காலிகளில் பைகள் உட்கார்ந்திருந்தன. மனிதர்கள் தட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

காது அதைப் பார்த்து மனம் நொந்தார். தொழில் வட்டாரத்தில் அவருக்குக் காது என்றுதான் பெயர். ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு அடிக்கடி உள்ளே வருவார். யார் பொருளையும் தொடமாட்டார். காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் ஊரில் இல்லை, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதையெல்லாம் ஜனங்கள் இங்கே போனில் கத்தித் தொலைப்பார்கள். அதை அப்படியே மச்சானுக்குச் சொல்லிவிட்டால், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

சாப்பாட்டின் லட்சணமும் அவருக்கு அத்துப்படி. சாண்ட்விச் ஓரம் காய்ந்து மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். சூப்புக்குக் காலையில் தக்காளி என்றும் மாலையில் காய்கறி என்றும் அட்டை வைப்பார்கள். உள்ளே இருப்பது மாறாது. காபி மெஷின் ஊரையே கூட்டிவிட்டு அரைக் கோப்பை வெந்நீர் கொடுக்கும். இருந்தும் காது எடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, தட்டைத் தானே கொண்டுபோய் வைப்பார். அந்த இடத்தில் நாகரிகம் தெரிந்த ஒரே ஆள் தாம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இன்று சாண்ட்விச் தொண்டையில் இறங்கவில்லை. கிளம்பும்போது மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"கொஞ்ச நாளா நீங்க சொல்ற வீட்ல ஒண்ணும் தேறல. போன வீட்ல நாய் வேற. இன்னிக்கும் என் தம்பி வெறுங்கையோட வந்தான்னா, அவனைக் கூரியர் ஆபீஸ்ல சேத்து விட்டுடுவேன். கூட உங்களையும்தான்."

இந்த வயதில் உழைத்துச் சாப்பிடுவதா? நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

ஜன்னலோரம் ஒரு தடித்த மனிதர், ஷூவைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, போனில் முழங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்குப் போன் எதற்கு என்று தோன்றியது.

"டேய் தம்பி, வீட்ல யாருடா இருக்கா? உங்க அண்ணி அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. நான் ஏர்போர்ட்ல கிடக்கேன், ஃபிளைட் லேட்டு. வீடு பூட்டித்தான் கிடக்கு."

குழந்தையோடு இருந்த தம்பதி எழுந்து போனார்கள். லேப்டாப்காரர் எழுந்து போனார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்து, முறைத்துவிட்டு, போர்வையோடு இடம் மாறினார்.

காது தம் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு வந்தார்.

"அதே வீடுதான்டா. ஏர்போர்ட் ரோட்ல தண்ணி டேங்குக்கு எதிர் சந்து, பச்சை கேட்டு. பின்கதவுத் தாழ்ப்பாளை இன்னும் சரி பண்ணல. நகையா? அறுபது பவுனும் பீரோலதான் இருக்கு. சாவி வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி ஆணில தொங்குது. நாயெல்லாம் வளக்கலடா, எனக்கு ஆகாது."

நாய் இல்லை என்றதும் காதுக்குக் கண் கலங்கிவிட்டது.

கழிப்பறைக்குப் போய் மச்சானைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"சாவி இருக்கிற எடத்தைக்கூடவா சொன்னாரு, மாமா?"

"பக்கத்துல உக்காந்து கேட்டேன்டா. உங்கக்காவை நெனச்சுக்கிட்டு சீக்கிரம் கெளம்பு."

திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை முடியும்வரை வீட்டுக்காரரைக் கண்பார்வையில் வைத்திருப்பது அவர் வழக்கம். வீட்டுக்காரர் தொண்டை கட்டியவர்போல வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் காதின் போன் அதிர்ந்தது.

"மாமா, பீரோவைத் திறந்துட்டேன். உள்ள குந்துமணித் தங்கம்கூட இல்ல."

"நல்லாப் பாத்தியா?" என்றார் காது, வாயைக் கையால் மூடிக்கொண்டு.

"நகைப்பெட்டி வரிசையா இருக்கு, எல்லாம் காலி. பக்கத்து வீட்டம்மா வேற எட்டிப் பாக்குது, நான் கெளம்பறேன். கூரியர் ஆபீஸ்ல எப்ப சேரணும்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

போனை வைத்த சில நிமிடங்களில் தடித்த மனிதரின் போன் அடித்தது. கேட்டவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பின்கதவு திறந்து கிடக்கா? ஆள் ஓடறதைப் பாத்தீங்களா? ஐயோ, என் பொண்டாட்டியோட அறுபது பவுனும் போச்சே."

அடுத்து மனைவியைக் கூப்பிட்டு அழுதார். லவுஞ்சே அவரைச் சுற்றிக் கூடிவிட்டது. பைகளெல்லாம் நாற்காலியைவிட்டு இறங்கின. தம்பதி தண்ணீர் கொடுத்தார்கள். முறைத்தவர் தம் போர்வையையே போர்த்திவிட்டார்.

காதுக்கு ரத்தம் கொதித்தது. அறுபது பவுனையும் அமுக்கிவிட்டு மாமாவிடமே கூரியர் கதை விடுகிறானா? தோளில் தூக்கி வளர்த்த பயல். மனைவிக்குச் செய்தி அனுப்பினார்: 'உன் தம்பி நகையை அமுக்கிட்டு நம்மகிட்டயே நாடகம் போடறான். வீட்டுக்குள்ள விடாதே.'

கூட்டம் ஆறுதல் சொல்லிக் கலைந்தது. தடித்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காதின் பக்கம் சாய்ந்தார். அன்று அந்த லவுஞ்சில் யாருமே பேசாத அளவுக்கு மெதுவாகப் பேசினார்.

"எல்லாரும் தள்ளிப் போனப்ப, நீங்க ஒருத்தர்தான் சார் கிட்ட வந்து உக்காந்தீங்க. ரொம்ப நன்றி."

"எதுக்கு?" என்றார் காது.

"பொண்டாட்டிக்குத் தெரியாம போன வருஷமே நான் வித்துத் தொலைச்ச நகைக்கு ஒரு திருடன் வேணும்னு ஏர்போர்ட் ஏர்போர்ட்டா கத்திக்கிட்டு இருந்தேன் சார், இன்னிக்குத்தான் கெடைச்சான்."