கல் நல்லாயிருக்கு

பழைய கோர்ட்டுக் கட்டடத்தின் கூரையில், வாசலுக்கு நேர் மேலே, ஒரு சிலேட்டுக் கல் ஓடு இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தன்னைத்தான் போட்டோ எடுக்கிறார்கள் என்பது அதன் எண்ணம். அதன் நெற்றியில் அறைந்திருந்த இரும்பு ஆணியை மேல் வரிசை ஓடு மூடியிருந்ததால், ஆணியை யாரும் பார்த்ததில்லை.

"நூறு வருஷமா உள்ளேயே உட்கார்ந்திருக்கியே, உனக்கு இங்கே என்னப்பா வேலை?" என்று ஓடு அடிக்கடி கேட்கும்.

"பிடிச்சுக்கிட்டு இருக்கேங்க."

"எதை?"

அதைச் சொல்ல ஆணிக்குக் கூச்சம்.

ஒரு மாசி மாதம் கூரையைச் சோதிக்க அருமைநாயகம் மேஸ்திரி ஏறி வந்தார்.

"அய்யா, துருப்பிடிச்சு நூலா இளைச்சுட்டேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றது ஆணி.

மேஸ்திரி விரல் முட்டியால் ஓட்டைத் தட்டினார். விரிசல் விட்ட கல்லாக இருந்தால் உடைந்த பானை மாதிரிச் சத்தம் வரும். இது கணீரென்றது.

"கல் நல்லாயிருக்கு," என்று சொல்லிவிட்டு மேஸ்திரி அடுத்த ஓட்டுக்குப் போனார்.

"கேட்டியா?" என்றது ஓடு. அந்தச் சந்தோஷத்தில் ஆணி சொன்னது அதற்கு மறந்தே போனது.

ஐப்பசிக் காற்றில் ஆணி அறுந்தது. ஓடு சறுக்கிப் படிக்கட்டில் விழுந்து இரண்டானது. பெரிய துண்டைக் கழுவித் துடைத்து, 'இக்கட்டடத்தின் முதல் கூரையில் இருந்த ஓடு' என்று எழுதி, முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினார்கள்.

நெற்றியில் ஏதோ உறுத்தியது. பழைய துளையில் ஒரு புது ஸ்குரூ இருந்தது.

"யாருப்பா நீ?" என்றது ஓடு. "உனக்கு இங்கே என்ன வேலை?"