மூன்று பட்டை வெயில்

ஊதுபத்திப் பெட்டியில் சிடி துண்டை ஒட்டி மாணவர்களே ஒளியை நிறம் பிரித்துக் காட்டும் கருவி செய்திருந்தார்கள். வீட்டு ஜன்னல் வெயிலை அதில் பார்த்து வரைவதுதான் வீட்டுப்பாடம். எல்லோரும் புத்தகத்தில் இருப்பதுபோல ஏழு நிறங்களையும் இடைவெளியில்லாமல் வரைந்திருந்தார்கள். தன்ஷிகா மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் வரைந்து, இடையில் கறுப்படித்திருந்தாள்.

“டிவியப் பாத்து வரைஞ்சியா? திரைக்குத்தான் இப்படி வரும்,” என்றார் ஆசிரியை ஹெலன்.

“ஜன்னலத்தான் மிஸ் பாத்தேன்.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா மிஸ். பொறந்த பாப்பாவுக்கு மஞ்சக்காமாலைன்னு அம்மா தினமும் அந்த வெயில்லதான் காட்டுறாங்க. இன்னும் குறையவேயில்ல.”

ஹெலன் அவளுடைய கருவியை வாங்கி வகுப்பறை ஜன்னலைப் பார்த்தார். வெளியே வேப்பமரம் வெயிலில் அசைந்துகொண்டிருந்தது. கருவிக்குள் மூன்றே பட்டைகள். இன்னொரு மாணவனின் கருவியை வாங்கிப் பார்த்தார்; அதிலும் அதே மூன்று.

“அம்மா நம்பரச் சொல்லும்மா, சீக்கிரம். பாப்பா மேல படுறது வெயிலே இல்ல, திரை.”