மணி ஓயும்வரை
அவைக் கதவுக்கு மேலே வாக்கெடுப்பு மணி அடிக்கிறது; அது ஓய்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள், பிறகு யாரும் ஓட்டுப்போட முடியாது. கதவுக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் எதிர்க்கட்சி உறுப்பினரான பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தவரை நான் ஓட்டுப்போட வரவில்லை. என் கட்சிக்கு அதனால் நஷ்டம் வராதபடி, அதை ஈடுகட்ட அவரும் தன் ஓட்டைப் போடவில்லை. போன வாரம் அவள் இறந்ததோடு அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எங்கள் கொறடா கதவிடுக்கில் தலையை நீட்டுகிறார். "தம்பி, அவர் வந்து போட்டுட்டா, உங்க ஒரு ஓட்டு இல்லேன்னா ஆட்சி கவுந்துடும். எழுந்து வாங்க." பெரியவர் முழங்காலைத் தடவிக்கொள்கிறார். "போங்க தம்பி. நானும் வந்தா உங்க கணக்கு உதைக்கும். எனக்கு இன்னிக்கும் முட்டிவலிதான்." ஜன்னல் வெளிச்சம் தரையில் அழுக்குத் துணிபோலக் கிடக்கிறது. "அந்த போனை இன்னும் எதுக்குக் கையிலயே பிடிச்சிருக்கீங்க?" என்கிறார் பெரியவர் மெதுவாக. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று சொல்ல வாயெடுக்கிறேன். மணி ஓய்கிறது. காவலர் கதவைச் சாத்துகிறார். நாங்கள் இருவரும் வெளியே இருக்கிறோம்.