ஆறாம் தேதி

கேள்வி கேட்டாயிற்று. பதில்தான் தப்பாக வந்துவிட்டது.

மலைச் சரிவுக்குப் பின்னால், தரையிலிருந்து பத்தடி உயரத்தில், ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தார் விமானி. சரிவைத் தாண்டினால் வறண்ட ஆறு. அதன் பாறைகளுக்குள் எங்கேயோ காணாமல் போன சிப்பாய்கள் இரண்டு பேர் கிடக்கிறார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்து நினைவே இல்லையாம். மற்றவன்தான் வயர்லெஸ்ஸில் கிசுகிசுக்கிறான்.

கிசுகிசுப்பது நம் ஆள்தானா என்பதுதான் தெரியவில்லை.

போன மாதம் இதே பக்கத்தில் இப்படித்தான் ஒரு குரல், நம் வயர்லெஸ்ஸிலேயே, நம் பேச்சிலேயே, உருகி உருகிக் கூப்பிட்டது. பதறிப்போய் இறங்கிய ஹெலிகாப்டர் திரும்பவே இல்லை. கூப்பிட்டது எதிராளி.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ஏற்பாடு. ஆள் காணாமல் போனதும் அலுவலகத்திலிருந்து அவன் வீட்டுக்குப் போன் போகும். அவன் மட்டும் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியும் அந்தப் பதிலும் வாங்கிக்கொள்வார்கள். பதில் பொருந்தினால் இறங்கலாம். பொருந்தாவிட்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். இன்னொரு தடவை கேட்கும் பேச்சே கிடையாது.

இந்த முறை போனை எடுத்தவள் கிசுகிசுக்கிறவனுடைய அம்மா. அவன் கல்யாணத் தேதியைக் கேளுங்கள், என் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டாண் என்று சொல்வான் என்று அடித்துச் சொன்னாளாம். ஒன்பதாம் தேதி.

டாண் என்றுதான் சொன்னான். ஆறாம் தேதி என்று.

கொஞ்சம் தயங்கியிருந்தாலாவது பயத்தில் உளறுகிறான் என்று எடுத்துக்கொள்ளலாம். இவன் தயங்கவில்லை. கல்யாணம் ஆகாத துணை விமானி, சொந்தக் கல்யாண நாளை எவனாவது மறப்பானா, பேசாமல் திரும்பிவிடலாம் என்று அவசரப்படுத்தினான். எரிபொருள் முள் வேறு இறங்கிக்கொண்டே இருந்தது. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

விமானி திருப்பத்தான் போனார்.

அப்போதுதான் பின்னாலிருந்து, கயிறு இறக்கும் பெண்ணின் குரல் அவர் காதில் விழுந்தது. வழக்கமாக வருகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று காலையில்தான் பக்கத்துத் தளத்திலிருந்து வந்து ஏறியவள். வந்ததிலிருந்து வாயையே திறக்கவில்லை.

"சார், அது அவருதான். இறக்குங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டார். முதலில் தூக்கிவிடுவோம், பிறகு சொல்கிறேன் என்றாள்.

கெஞ்சியிருந்தால் அவர் திரும்பியிருப்பார். ஆனால் அவள் குரலில் கெஞ்சல் இல்லை, எரிச்சல் இருந்தது. நாள்பட்ட எரிச்சல். இது நடிப்பில் வருகிற சமாசாரம் இல்லை என்று அவருக்குப் பட்டது. வருவது வரட்டும் என்று சரிவைத் தாண்டிவிட்டார்.

தாண்டியதும் வெயில் கண்ணில் அடித்தது. எதிர் மேட்டிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். வால் பக்கம் தகரத்தில் ஆணி அடித்தாற்போல் இரண்டு சத்தம். துணை விமானி தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான்.

புழுதியில் கீழே ஒன்றும் தெரியவில்லை. விமானிக்குக் கண்ணாக இருந்தது அவள் குரல் ஒன்றுதான். இடது பக்கம் என்றாள். இன்னும் கொஞ்சம் என்றாள். அப்படியே அசையாமல் நில்லுங்கள் என்றாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருட வேலையில் இவ்வளவு பயமும் இவ்வளவு உற்சாகமும் ஒன்றாக வந்ததே இல்லை.

கயிறு இறங்கியது. கனத்தது. ஏறியது.

முதலில் வந்தவன் கால் முறிந்தவன். நம் சீருடை, நம் பையன்! துணை விமானி சாமிகளை அப்படியே விட்டுவிட்டு விசில் அடித்தான். இன்னொருத்தன் கீழே கிடக்கும்போது என்ன கொண்டாட்டம் என்று விமானி அதட்டினார். அதட்டும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கயிறு மறுபடி இறங்கியது. இந்த முறை அது முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. எதிர் மேட்டில் துப்பாக்கிகள் கூடிவிட்டன. பக்கக் கண்ணாடியில் ஒரு ஓட்டை விழுந்தது. போகலாமா, போகலாமா என்று விமானி கத்தினார். அவள் கயிற்றை இன்னும் இறக்கிக்கொண்டிருந்தாள்.

போகலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், ஒரே திருப்பில் சரிவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். சுடும் சத்தம் தேய்ந்து நின்றுபோனது. போன உயிர் திரும்பி வந்தது. முன்னால் இருந்த இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்போலக் கூச்சல் போட்டார்கள்.

கூச்சல் அடங்கியதும் விமானி திரும்பிப் பார்த்தார். இரண்டாவது சிப்பாய் தரையில் கிடந்தபடி அந்தப் பெண்ணையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஏற்கனவே இறுக்கிய பெல்ட்டை மறுபடியும் மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

தப்பான தேதியைக் கேட்டு ஆளை எப்படியம்மா கண்டுபிடித்தாய், இப்போதாவது சொல் என்றார் விமானி.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வருஷா வருஷம் ஆறாம் தேதியிலதான் சார் எனக்குப் பூ வாங்கிட்டு வருவாரு. அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."