அத்தையின் முட்டிவலி

"அந்தக் கோயிலுக்குப் படி நிறையவோ?" என்று மாமியார் இழுத்ததுமே மருமகளுக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கும் ஆரம்பித்தாகிவிட்டது என்று.

"கொஞ்சம் படிதான் அத்தை. பேசிக்கிட்டே ஏறிடலாம்."

"பேசிக்கிட்டே ஏறினா மூச்சுதான் வாங்கும். எனக்கு முட்டிவலின்னு எத்தனை தடவைதான் சொல்றது? ரோப் கார் இருக்கிற கோயிலாப் பாரு."

கணவன் லேப்டாப்புக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

மருமகளுக்கு இந்தப் பயணம் இன்று நேற்று வந்த ஆசையா என்ன? பனி மூடிய மலை, பாறை உச்சியில் கோயில், காட்டுக்குள் காண்டாமிருகம் என்று வடக்கே எல்லைக்கு அப்பால் இருக்கும் அந்த மலை நாட்டைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லி வளர்த்தவர் அவள் அப்பா. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஒரு நாள் நீயும் நானும் அந்த உச்சிக்கே ஏறறோம்" என்பார். எங்கே? லீவு கிடைத்தால் வசதி இருக்காது, வசதி வந்தால் லீவு இருக்காது.

இப்போது அவள் கண் ஆஸ்பத்திரியில் நல்ல வேலையில் இருக்கிறாள். அப்பாவை அவளே கூட்டிப் போகப் போகிறாள். போகிற போக்கில், மரியாதைக்கு, "நீங்களும் வாங்களேன் அத்தை" என்று ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்தாள். மாமியார் அன்றைக்கே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டார்.

"சரி, கோயிலை விடுங்க. காட்டுக்குள்ள கைடோட நடந்து போனா மிருகமெல்லாம் கிட்டத்துல பார்க்கலாம்."

"நாம அதைப் பார்த்தா சரி. அது நம்மைப் பார்த்துத் துரத்தினா யாரால ஓட முடியும்? ஜீப்பு சொல்லிடு. அப்புறம், ரூமை கீழ் மாடியிலயே போடச் சொல்லு."

"ஐயோ அத்தை, மேல் மாடியிலேர்ந்துதான் மலையே தெரியுமாம்!"

"மலை எங்க ஓடிடப் போகுது? வெளியில வந்து பார்த்துக்கலாம்."

எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்த அப்பா மெல்லக் கனைத்தார். "சம்பந்தியம்மா சொல்றதும் நியாயம்தானேம்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தையே மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட மனுஷன்! பெண்ணைக் கொடுத்த இடம் என்பதற்காக இவர்கள் என்ன சொன்னாலும் தலையாட்டுவதா?

மறுநாள் காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரே சத்தம். "ஏம்ப்பா, நில்லுப்பா! கூப்பிடறது காதுல விழலை?" என்று காய்கறி வண்டியைத் துரத்திக்கொண்டு ஒருவர் ஓடினார். யார் என்கிறீர்கள்? சாட்சாத் மாமியார்தான். தெருமுனையில் வண்டியை மடக்கியும் விட்டார். திரும்பி வரும்போது லிஃப்டுக்காக நிற்கப் பொறுமையில்லாமல், கனத்த பையோடு மூன்று மாடியும் விறுவிறுவென்று ஏறி வந்தார்.

அப்படியா சேதி! அப்பா வரட்டும் என்று மருமகள் காத்திருந்தாள்.

சாயங்காலம் டிக்கெட் போட எல்லோரும் கூடினார்கள்.

"அத்தை, உங்களுக்கு எந்த முட்டி வலிக்குது?"

"ரெண்டும்தான். ஏன்?"

"காலையில காய்கறி வண்டியைத் துரத்தினது எந்த முட்டி?"

கணவன் லேப்டாப்பை மூடிவிட்டான். மாமியாருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"பொய்தானே அத்தை? எங்க அப்பா எத்தனை வருஷமா இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கார் தெரியுமா? இப்படி நந்தி மாதிரி குறுக்க நிக்கறீங்களே!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க ஜீப்புல போங்க, ரோப் கார்ல போங்க, இல்லைன்னா வீட்டோட இருங்க. நானும் அப்பாவும் அந்த உச்சிக்கு ஏறத்தான் போறோம்!"

மாமியார் சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆமாடி, நடிச்சேன். எனக்கு ஏறச் சோம்பேறித்தனம். போதுமா? உங்க அப்பாவையும் ஏற விடறதா இல்லை. ரோப் கார்ல தனியாப் போக எனக்குப் பயம். அவரும் என்கூடத்தான் வரணும்."

"பார்த்தீங்களாப்பா அநியாயத்தை! இப்பவாவது வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்கப்பா!"

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையிலேயே துடைத்தார்.

"போதும் சம்பந்தியம்மா, விட்டுடுங்க. எனக்காக நீங்க பட்டது போதும்" என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு லிஃப்ட் ரிப்பேர் ஆச்சே, ஞாபகமிருக்கா? மாடி ஏற முடியாம பாதியிலயே உட்கார்ந்துட்டேன். இவங்கதான் பார்த்துட்டுக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க. இனிமே படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உனக்குத் தெரிஞ்சா பயணத்தையே நிறுத்திடுவியேன்னு இவங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முட்டிவலி என்னோடதும்மா. திட்டு வாங்கினது மட்டும்தான் இவங்க."