மரத்துப் போகாத கை

“சார், எனக்குக் கை மரத்துப் போகணும்.”

இதை மட்டும் மேலாளரிடம் கேட்டுவிடாதே என்று என்னோடு சாப்பாடு டெலிவரி ஓட்டும் ஸ்டெல்லா அக்கா சொல்லியிருந்தார்.

ஓட்டுகிறவரின் கை மரத்துப்போனால் கம்பெனி வண்டி தானாகவே ஓரமாகப் பத்து நிமிடம் நிற்கும். சாப்பாடு கொடுக்கும் வாசலைத் தவிர வேறு எதற்கும் நிற்காது. நாங்கள் ஒன்றுக்குப் போனதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான். போன மாதம் புதுக் கையுறை கொடுத்தார்கள். அது விரல்களைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. கை மரப்பதில்லை, வண்டியும் நிற்பதில்லை. நான் தண்ணீர் குடிப்பதை விட்டேன். நேற்று சிறுநீரில் ரத்தம் வந்தது.

“உங்க கைக்காகத்தானேம்மா இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்?” என்றார் மேலாளர் சுகவனம்.

“கை நல்லாருக்கு சார். ஒண்ணுக்குப் போகத்தான் வழியில்ல.”

“படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது?”

“எங்க வீட்டுல முதல்ல படிச்சவளே நான்தான் சார். அதான் இவ்ளோ மரியாதையா கேக்குறேன்.”

“கொஞ்சம் பொறும்மா. பெரியவங்க போடுற டயப்பர் வரப்போகுது. கம்பெனியே குடுத்துரும்.”

அவர் அறைக்குள்ளேயே கழிவறை இருந்தது. உள்ளே போய்த் தாழிட்டு, அவசரப்படாமல் இருந்துவிட்டு வந்தேன். கையுறைகளை அவர் மேசையில் வைத்தேன். வண்டிச் சாவியை மாடியேறும் முன்பே வாட்ச்மேனிடம் கொடுத்திருந்தேன். படியிறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.