வெள்ளைக் குட்டியின் அப்பா

“நீ எங்கேயோ கயிறை விட்டிருக்கே. அதான் இது” என்றான் கணவன்.

பழைய போர்வையில் தாய் நாய் களைத்துப்போய்ப் படுத்திருந்தது. குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் அம்மாவைப் போலவே பழுப்பு. ஒன்று மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

“கயிறு என் கையை விட்டுப் போனதே இல்லைங்க” என்றாள் மனைவி. “நீங்க வெளியூர்ல இருந்தப்போ வாக்கிங் கூட்டிட்டுப் போனேன், வந்தேன். அவ்வளவுதான்.”

“நம்ம நாய் பழுப்பு. நாம சேர்த்த பல் டாக்டரோட நாயும் பழுப்பு. அப்போ இது எங்கேர்ந்து வந்துச்சு? தெருக்கோடியில ஒரு வெள்ளை நாய் சுத்திக்கிட்டே இருக்குமே...”

“அது பாட்டுக்குச் சுத்துது. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“சுத்தமான பாக்ஸர் ஜாதிக் குட்டின்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். பல் டாக்டர் முகத்துல எப்படி முழிக்கிறது?”

மனைவியின் கண் கலங்குவதைப் பார்த்ததும் குரலைத் தணித்தான்.

“சரி விடு. நீ சொல்றே, நான் நம்பறேன். இதோட இந்தப் பேச்சு வேணாம்.”

தபால் ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்த மாமியார், தோள் பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அதெப்படி வேணாம்? அப்பன் யாருன்னு கண்டுபிடிக்க நாய்க்கெல்லாம் இப்போ டெஸ்ட் இருக்காமே. எடுத்துப் பார்த்துடலாம்” என்றாள்.

மருமகள் திகைத்துப்போனாள். “அவரே விட்டுட்டாரு அத்தை.”

“அவன் விட்டா நான் விடறதா இல்லை. கையில ரிப்போர்ட் வரணும்.”

“நாய்க்குப் போய் எதுக்கும்மா இதெல்லாம்?” என்றான் மகன்.

“நீ சும்மா இரு. பல் டாக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன்.”

பேசியும் விட்டாள். மறுநாளே கால்நடை டாக்டரம்மா வந்து, தாயின் கன்னத்து உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாள். பல் டாக்டரின் நாய்க்கும் அப்படியே. வெள்ளைக் குட்டி பால் மறந்து கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருந்து, பிறகு அதனிடமும் எடுத்து அனுப்பினாள்.

ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. ஆனால் நாயை வாக்கிங் கூட்டிப்போக மனைவி கயிற்றை எடுத்தால், “நீ இரு, நானே போறேன்” என்று கணவன் வாங்கிக்கொண்டான். அவளும் கொடுத்துவிட்டாள். மாமியாரிடம் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். புருஷன் சந்தேகப்பட்டதைவிட, அவர் விட்டதையும் அத்தை பிடித்துக்கொண்டதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ரிப்போர்ட் வந்த அன்று மூவரும் கிளினிக்குக்குப் போனார்கள். குட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“அப்பா பல் டாக்டரோட நாயேதான். சந்தேகமே வேண்டாம்” என்றாள் டாக்டரம்மா.

“அப்புறம் எப்படி டாக்டர் வெள்ளை?” என்றான் கணவன்.

“உங்க நாய்க்கு மார்லயும் பாதத்துலயும் வெள்ளை இருக்கில்ல? அந்த நாய்க்கும் இருக்கு. ரெண்டுகிட்டயும் வெள்ளைக்கான ஜீன் ஒண்ணு ஒண்ணு இருக்கு. ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வந்தா குட்டியும் அம்மா மாதிரி. ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்துட்டா இந்தப் பய மாதிரி.”

“அப்போ கயிறு...”

“கயிறுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா ஒண்ணு. இந்த மாதிரி வெள்ளைக் குட்டிங்க சிலதுக்குக் காது கேக்காது. இந்த ஜோடியை இனிமே சேர்க்க வேண்டாம்.”

டாக்டரம்மா குட்டிக்குப் பின்னால் போய்ச் சாவிக்கொத்தை ஆட்டினாள். மூவரும் குட்டியையே பார்த்தார்கள். குட்டி சட்டென்று திரும்பி, சாவியைக் கவ்வப் பாய்ந்தது.

“கேக்குது” என்று சிரித்தாள் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் கணவன் கயிற்றை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

“தப்பா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே” என்றான். பிறகு, “இந்த வெள்ளையனை யாருக்கும் குடுக்க வேணாம். நம்மகிட்டயே இருக்கட்டும்” என்றான்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவன் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பல் டாக்டருக்குச் சேதி சொல்ல விசிலடித்தபடி கிளம்பினான்.

சமையலறையில் மாமியார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் பக்கத்தில் போய் நின்று, கழுவியதைத் துடைத்து அடுக்கினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அத்தை, நீங்களும் என்னை நம்பலைதானே?”

“கயிறை விடற ஆளா நீ? எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் டெஸ்ட் எடுத்தே ஆகணும்னு நின்னீங்க? அவருதான் விட்டுட்டாரே.”

மாமியார் குழாயை மூடினாள். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“உன் புருஷன் பூனைக்கண்ணோட பொறந்தான். எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் யாருக்கும் அந்தக் கண்ணு கிடையாது. அவன் அப்பா தங்கமானவர், என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனா போய்ச் சேர்ற வரைக்கும், பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் முதல்ல அவன் கண்ணைத்தான் பார்ப்பார். எடுத்துக் காட்ட என்கிட்ட எந்த ரிப்போர்ட்டும் இல்லைம்மா.”